ஒரே வகுப்பில் நாலு விதமான வேகம்: கணக்கை எப்படிப் பிரித்து நடத்துவது?

சாக்பீஸ்தூள் கேட்டது:

மூன்றாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். முப்பத்துச் சொச்சம் பிள்ளைகள். இப்போது ஈரிலக்க எண்களில் கடன் வாங்கிக் கழித்தல் ஓடிக்கொண்டிருக்கிறது. ஏழெட்டுப் பேருக்கு 52 என்ற எண்ணில் அந்த 5 எதைக் குறிக்கிறது என்பதே இன்னும் பிடிபடவில்லை. நடுவில் இருக்கும் பெரிய கூட்டம் சொல்லிக்கொடுத்த அன்று சரியாகப் போடுகிறது, மறுநாள் மறந்துவிடுகிறது. மீதி நாலைந்து பேர் நான் பலகையில் கணக்கை எழுதி முடிப்பதற்குள் விடையைக் கத்திவிட்டு, பக்கத்தில் இருப்பவனின் நோட்டில் கிறுக்க ஆரம்பித்துவிடுகிறார்கள்.

பயிற்சிக்குப் போனால் 'பிள்ளைக்குப் பிள்ளை வேறுபடுத்திக் கற்பியுங்கள்' என்கிறார்கள். எப்படி என்று கேட்டால் மூன்று நிலை, மூன்று ஒர்க்ஷீட் என்கிறார்கள். சரி என்று அப்படியே செய்துவருகிறேன். ராத்திரி முழுக்கத் தாள் தயாரிப்பதிலேயே போகிறது, அது கூடப் பரவாயில்லை. நிறம் வைத்துத் தாள்களைப் பிரித்தால் 'பச்சைத் தாள் மக்குத் தாள்' என்று பிள்ளைகளே பெயர் வைத்துவிட்டார்கள். பச்சைத் தாள் வாங்குகிறவர்கள் அதைச் சரியாகவே முடிக்கிறார்கள், ஆனால் மற்றவர்களை நெருங்குவதாகத் தெரியவில்லை, இடைவெளி கூடத்தான் செய்கிறது.

நான் கேட்பது இவ்வளவுதான். மூன்று தாள் இல்லாமல் இதைச் செய்ய வழி உண்டா? ஒரு சின்னக் குழுவோடு உட்கார்ந்தால் மற்றவர்களை யார் பார்ப்பது? முதலில் முடிப்பவர்களை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வைக்கலாமா? புத்தகத்தில் இருப்பது வேண்டாம், வகுப்பில் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

எண்கோடு எழுதியது:

டீச்சர், முதலில் அந்த மூன்று தாளை நிறுத்துங்கள். சுலபமான தாள் வாங்குகிற பிள்ளை சுலபமான கணக்கைத்தான் கற்றுக்கொள்ளும். அவனுக்குக் கடன் வாங்கும் கணக்கு வரவே வராது, ஏனென்றால் அவன் தாளில் அது இல்லை. நீங்கள் சொன்ன இடைவெளி அங்கிருந்துதான் வருகிறது. எட்ட வேண்டிய இடம் எல்லாருக்கும் ஒன்றாகவே இருக்கட்டும், அங்கே போய்ச்சேர எவ்வளவு கைத்தாங்கல் தருகிறோம் என்பதில்தான் வித்தியாசம் வேண்டும்.

நான் செய்வது ஒரே கணக்கை எல்லாருக்கும் கொடுப்பது. ஆனால் அந்தக் கணக்கு கீழே நின்றும் தொடங்கலாம், மேலேயும் ஏறலாம் என்கிற மாதிரி இருக்க வேண்டும். உங்கள் பாடத்துக்கே ஒன்று சொல்கிறேன். ஏதாவது ஓர் ஈரிலக்க எண்ணை எடு, இலக்கங்களைத் திருப்பிப் போடு, பெரியதிலிருந்து சிறியதைக் கழி. 72 எடுத்தால் 72 − 27 = 45. 53 எடுத்தால் 53 − 35 = 18. இரண்டு இலக்கமும் வேறாக இருந்து, அதில் ஒன்று பூஜ்யமாக இல்லாவிட்டால் போதும். இதில் என்ன விசேஷம் என்றால் எந்த எண்ணை எடுத்தாலும் கடன் வாங்காமல் முடியாது, ஆக எல்லாருமே நீங்கள் நினைத்த பயிற்சியைத்தான் செய்கிறார்கள். திணறுகிறவன் 21, 32, 43 என்று சின்னதாக எடுத்துப் பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிக் கட்டுகளை வைத்துச் செய்யட்டும், மூன்றுக்கும் 9 வரும்போது அவனுக்கே ஆச்சரியமாக இருக்கும். நடுவில் இருப்பவர்கள் நிறைய எண்களைப் போட்டுப் பார்த்து, எல்லா விடையும் ஒன்பதாம் வாய்ப்பாட்டில் இருக்கிறதே என்று கண்டுபிடிப்பார்கள். வேகமான பிள்ளைகளிடம் 'ஏன் எப்போதும் ஒன்பது?' என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். இரண்டு இலக்கங்களின் வித்தியாசத்தை 9-ஆல் பெருக்கினால் விடை வந்துவிடும் என்பது வரை சிலர் போவார்கள், காரணம் சொல்ல முயன்று மண்டையை உடைத்துக்கொள்வார்கள். அதுதான் அவர்களுக்கு வேண்டிய வேலை. எல்லாருக்கும் ஒரே பலகை, ஒரே பேச்சு, பச்சையும் இல்லை சிவப்பும் இல்லை.

வாக்கியக் கணக்குக்கு இன்னொரு வழி இருக்கிறது. கதையை எழுதி எண்களுக்கு மட்டும் கோடு விடுங்கள். 'நூலகத்தில் ___ புத்தகங்கள் இருந்தன, பிள்ளைகள் ___ எடுத்துச் சென்றார்கள், மீதி எத்தனை?' பக்கத்தில் மூன்று ஜோடிகள்: 14, 6 அல்லது 53, 27 அல்லது 403, 168. எதைப் போடுவது என்று பிள்ளையே முடிவு செய்யட்டும். முதல் நாள் எல்லாரும் பந்தாவுக்குக் கடைசி ஜோடியை எடுப்பார்கள், விட்டுவிடுங்கள். நாலைந்து தரம் செய்த பிறகு தனக்கு எது சரிப்படும் என்று அவர்களே ஓரளவு சரியாகத் தேர்ந்தெடுப்பார்கள். கதை ஒன்றுதான் என்பதால் கடைசியில் 'இதில் ஏன் கழித்தோம், ஏன் கூட்டவில்லை' என்று எல்லாரோடும் சேர்ந்து பேசவும் முடியும்.

இரண்டுவால்குருவி எழுதியது:

நான் ஆசிரியர் இல்லை, அம்மா. மூன்றாவது கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன், கொஞ்சம் காரமாக இருக்கும், மன்னிக்கவும்.

என் மகள் நீங்கள் சொல்லும் அந்த நாலைந்து பேரில் ஒருத்தி. பத்துக் கணக்கை முதலில் முடித்தால் அவளுக்குக் கிடைக்கும் பரிசு இன்னும் பத்துக் கணக்கு, அதே மாதிரி, அதே அளவு. அதுவும் முடிந்தால் பக்கத்தில் இருப்பவளுக்குச் சொல்லிக்கொடு. இப்போது அவள் வேண்டுமென்றே மெதுவாகப் போடுகிறாள், கேட்டால் 'சீக்கிரம் முடிச்சா வேலை ஜாஸ்தி' என்கிறாள். எட்டு வயதுக் குழந்தைக்கு இந்தக் கணக்கு மட்டும் நன்றாகப் புரிந்திருக்கிறது!

எப்போதாவது மற்றவர்களுக்கு விளக்கட்டும், அதனால் அவளுக்கும் லாபம்தான். தினமும் அதுவே என்றால் அவள் எப்போது புதிதாக ஒன்றைக் கற்பாள்? தவிர, குழந்தைகள் சொல்லிக்கொடுப்பது என்றால் பெரும்பாலும் விடையைக் காட்டுவதுதான்.

எண்கோடு எழுதியது:

நியாயமான கோபம். அவளுக்கு வேண்டியது எண்ணிக்கை இல்லை, ஆழம். 2, 3, 5, 7 இந்த நாலு இலக்கத்தையும் ஒவ்வொரு தரம் பயன்படுத்தி இரண்டு ஈரிலக்க எண்கள் செய், வித்தியாசம் எவ்வளவு சிறியதாக வரும், எவ்வளவு பெரியதாக வரும் என்று கேட்டுப் பாருங்கள். பெரியது உடனே வந்துவிடும், 75 − 23 = 52. சிறியதில்தான் விஷயம். பெரும்பாலான பிள்ளைகள் 52 − 37 = 15 வரை வந்து நின்றுவிடுவார்கள். இன்னும் சின்னது இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள். 35 − 27 = 8 என்று பிடிக்கும்போது பத்துகள் இடத்தில் அடுத்தடுத்த இலக்கங்களை வைத்தால் என்ன ஆகும் என்று புரிந்துவிட்டது என்று அர்த்தம். கேள்வி ஒரு வரிதான், ஒர்க்ஷீட்டே தேவையில்லை.

பின்வரிசை எழுதியது:

எல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது. நான் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுகிறேன்.

வேறுபடுத்துதல் என்ற பெயரில் வருவதில் பாதி வெறும் சடங்கு. இந்தப் பேச்சைப் பரவலாக்கியவர்களில் முக்கியமானவர் அமெரிக்கக் கல்வியாளர் கரோல் ஆன் டாம்லின்சன். என்ன கற்பிக்கிறோம், எந்த வழியில், பிள்ளை அதை எப்படிச் செய்துகாட்டுகிறது, இதையெல்லாம் பிள்ளையின் தயார்நிலைக்கும் ஆர்வத்துக்கும் ஏற்ப மாற்றலாம் என்பது அவர் வாதம். அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் பயிற்சி அரங்குக்கு வந்து சேர்வதற்குள் அது 'இவன் பார்த்துக் கற்பவன், இவள் கேட்டுக் கற்பவள், அவன் ஆடிப்பாடிக் கற்பவன்' என்று திரிந்துவிடுகிறது. 2008-இல் பாஷ்லரும் வேறு மூன்று உளவியலாளர்களும் அந்தக் கற்றல் பாணிக் கொள்கைக்கு இருந்த ஆய்வுகளை அலசிப் பார்த்து, அப்படிப் பிரித்துக் கற்பிப்பதை நியாயப்படுத்தும் அளவுக்கு ஆதாரம் இல்லை என்று எழுதினார்கள். இன்னும் அதற்கு ஒரு படிவம் நிரப்பச் சொல்கிற இடங்கள் இருக்கின்றன. எண்களை வரிசையாகக் குறித்த கோடு எல்லாருக்கும் பார்க்கத்தான் வேண்டும், குச்சி எல்லாருக்கும் கையால் பிரிக்கத்தான் வேண்டும்.

இரண்டாவது, முழு வகுப்புக்கும் நடத்தும் பாடமே சரியாக இல்லாமல் குழு பிரித்து என்ன பயன்? பாதிப் பிள்ளைகளுக்குப் புரியவில்லை என்றால் அது பிள்ளைகளின் நிலை வித்தியாசம் இல்லை, பாடம் போகிற வேகம். கையில் ஆளுக்கு ஒரு சிலேட் கொடுத்து, ஒரு கேள்வி கேட்டு, எல்லாரையும் ஒரே நேரத்தில் தூக்கிக் காட்டச் சொன்னால் அரை நிமிடத்தில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று தெரிந்துவிடும், அதைப் பார்த்து அங்கேயே பாடத்தை மாற்றலாம். அதற்குப் பிறகும் நாலு பேர் தனியாக நின்றால் அப்போது குழு பற்றிப் பேசலாம்.

மூன்றாவது, இடைவெளி இரண்டு வகுப்பு அளவுக்குப் போய்விட்டால் ஒற்றை ஆசிரியரால் வகுப்புக்குள்ளேயே சமாளிக்க முடியாது, முடியும் என்று சொல்லி டீச்சர்களைக் குற்றவுணர்ச்சியில் தள்ளக்கூடாது. பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு உருவாக்கிய முறையில் 3 முதல் 5 வரை உள்ள வகுப்புகளின் பிள்ளைகளை ஒவ்வொருவராக உட்கார வைத்து ஒரு சின்னச் சோதனை வைப்பார்கள். ஓரிலக்க எண்ணை அடையாளம் காண்கிறானா, ஈரிலக்க எண்ணைக் காண்கிறானா, கழித்தல் வருகிறதா, வகுத்தல் வருகிறதா, அவ்வளவுதான். பிறகு நாளின் ஒரு பகுதிக்கு வகுப்பை மறந்துவிட்டு நிலைப்படி மாற்றி உட்கார வைக்கிறார்கள். ஆப்பிரிக்க நாடுகள் சிலவற்றுக்கும் அது போயிருக்கிறது. அதற்குப் பள்ளி முழுக்க ஒத்துழைக்க வேண்டும். ஒரு டீச்சர் ராத்திரி கண்விழித்துத் தாள் தயாரிப்பதால் வருவதில்லை.

சாக்பீஸ்தூள் எழுதியது:

@பின்வரிசை, சிலேட் யோசனை பிடித்திருக்கிறது, அதை நாளையே செய்யலாம். பள்ளி முழுக்க மாற்றுவது என் கையில் இல்லை. அந்த ஏழெட்டுப் பேர் அதுவரை காத்திருக்க முடியாதே. @எண்கோடு, திருப்பிப் போடும் கணக்கு அருமை, ஆனால் இடமதிப்பே தெரியாதவன் 21-ஐத் திருப்பி 12 என்று எழுதுவதை வெறும் விளையாட்டாகச் செய்துவிட்டுப் போவானே? அவனுக்கு எங்கிருந்து தொடங்குவது?

குச்சிக்கட்டு எழுதியது:

சிறப்புத் தேவை உள்ள பிள்ளைகளோடு வேலை செய்கிறேன், இந்த இடத்தில் நான் நுழையலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் அந்த ஏழெட்டுப் பேரும் ஒரே குழு இல்லை. மதிப்பெண்ணை வைத்துச் சேர்த்ததால் ஒன்றாகத் தெரிகிறார்கள். தவறை வைத்துப் பிரியுங்கள். அதற்குக் கொடுக்கும் எண்ணிலும் கவனம் வேண்டும். 52 − 27 கொடுத்தால் ஒரு பிள்ளை ஒன்றுகள் இடத்தில் 7-இலிருந்து 2-ஐக் கழித்து 35 என்று எழுதும். இன்னொரு பிள்ளை சரியாகக் கடன் வாங்கி 12 − 7 = 5 போட்டுவிட்டு, பத்துகள் இடத்தில் 5-ஐ 4 ஆக்க மறந்து, அதுவும் 35 என்றே எழுதும். இரண்டு தவறுக்கும் ஒரே விடை, உங்களுக்கு ஒன்றும் தெரியாது. அதையே 53 − 27 என்று கொடுங்கள். முதல் பிள்ளை 34 எழுதும், இரண்டாவது பிள்ளை 36 எழுதும். விரல் விட்டுப் பின்னோக்கி எண்ணுகிற பிள்ளை 25 அல்லது 27 என்று ஒன்று தள்ளி நிற்கும். சரியான விடை 26. ஒரே ஒரு கணக்கு, மூன்று வேறு பிரச்சினை, மூன்றுக்கும் வேறு வேறு வைத்தியம். 36 எழுதிய பிள்ளைக்கு நீங்கள் இடமதிப்பை முதலிலிருந்து நடத்தினால் அது தூங்கிவிடும், அதற்கு வேண்டியது ஒரு சின்ன ஞாபகக் குறி மட்டும்தான்.

34 எழுதிய பிள்ளைக்குத்தான் குச்சி. 53 என்றால் ஐந்து கட்டு, மூன்று உதிரி. கழிக்கச் சொல்லாதீர்கள். '53-ஐ வேறு எப்படி எல்லாம் வைக்கலாம்?' என்று கேளுங்கள். ஒரு கட்டைப் பிரித்தால் நாலு கட்டும் 13 உதிரியும், இன்னொன்றைப் பிரித்தால் மூன்று கட்டும் 23 உதிரியும். எப்படி வைத்தாலும் 53-தான் என்பது கையில் ஏற வேண்டும். இதற்கு ஒரு பீரியட் முழுக்கப் போனாலும் வீண் இல்லை. அது ஏறிய பிறகு 27-ஐ எடு என்றால் தானாகவே ஒரு கட்டை அவிழ்ப்பார்கள், 'கடன் வாங்கு' என்று நீங்கள் சொல்லவே தேவை இருக்காது. அடுத்து குச்சிக்குப் பதில் தாளில் நீளக் கோடும் புள்ளியுமாக வரையட்டும், கோடு பத்து, புள்ளி ஒன்று. கடைசியில்தான் வெறும் எண். செயல், படம், குறியீடு என்று ஜெரோம் புரூனர் 1960-களில் சொன்ன வரிசைதான் இது. சிங்கப்பூரின் தொடக்கப்பள்ளிக் கணிதம் 1980-களிலிருந்து இதன்மேல்தான் நிற்கிறது. நாம் தப்புவிடுவது நடுப்படியில்தான். குச்சியிலிருந்து நேரே எண்ணுக்குத் தாவிவிடுகிறோம், அப்புறம் 'குச்சி வெச்சா போடுறான், நோட்டுல போடமாட்டேங்கிறான்' என்று புலம்புகிறோம்.

குச்சியை அந்த ஏழெட்டுப் பேர் மேசையில் மட்டும் வைக்காதீர்கள், அதுவும் பச்சைத் தாள் ஆகிவிடும். எல்லா மேசையிலும் இருக்கட்டும், யார் வேண்டுமானாலும் தொடலாம். வேகமான பிள்ளைகள் 403 − 168 போடும்போது நடுவில் இருக்கும் பூஜ்யத்தில் முட்டிக்கொண்டு அவர்களும் குச்சிப் பக்கம் வருவார்கள் பாருங்கள்.

சில பிள்ளைகளுக்குக் கணக்கு பிரச்சினையே இல்லை, வாசிப்புதான் பிரச்சினை. வாக்கியக் கணக்கை நீங்கள் வாய்விட்டுப் படித்தால் சரியாகச் சொல்லும். வேறு சிலருக்குத் தாளில் நெருக்கமாக அச்சடித்திருந்தால் எண்கள் வரிசை தவறும், கட்டம் போட்ட நோட்டு கொடுத்தால் போதும். எல்லாம் செய்து பார்த்தும் மாதக்கணக்கில் சின்ன எண்களிலேயே தடுமாறுகிற பிள்ளை இருந்தால் டிஸ்கால்குலியாவாக, அதாவது எண்களைப் புரிந்துகொள்வதில் வரும் கற்றல் குறைபாடாக இருக்கலாம், முறையாகப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். நாமே பெயர் ஒட்ட வேண்டாம்.

மணியடிச்சாச்சு எழுதியது:

இரண்டாவது கேள்விக்கு, அதாவது மற்றவர்களை யார் பார்ப்பது என்பதற்கு யாரும் பதில் சொல்லவில்லையே.

முதலில் பழக்கம், பிறகுதான் குழு. பிள்ளைகள் உங்களைக் கூப்பிடாமல் பத்து நிமிடம் வேலை செய்யப் பழகும் வரை குழுவோடு உட்காராதீர்கள். முதல் வாரம் முழுக்க எல்லாருக்கும் தெரிந்த சுலபமான வேலையைக் கொடுத்து, நீங்கள் சும்மா உட்கார்ந்து இதை மட்டும் பழக்குங்கள்: சந்தேகம் வந்தால் முதலில் பலகையில் உள்ள உதாரணத்தைப் பார், பிறகு பக்கத்து ஆளைக் கேள், அதற்கும் முடியாவிட்டால் அந்தக் கணக்கை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போ. வாரம் வீணாகிறதே என்று தோன்றும். வருஷம் முழுக்க அதில்தான் ஓடும்.

குழுவோடு பத்து நிமிடம் போதும், தினமும் வேண்டியதும் இல்லை. பாடம் முடியும்போது துண்டுச்சீட்டில் ஒரே ஒரு கணக்கு, குச்சிக்கட்டு சொன்ன 53 − 27 மாதிரி ஒன்று. வீட்டுக்குப் போய்த் திருத்தாதீர்கள், மதிப்பெண்ணும் வேண்டாம். 34 ஒரு குவியல், 36 ஒரு குவியல், 26 ஒரு குவியல், மற்றது ஒரு குவியல். ஐந்து நிமிட வேலை. நாளை எந்தக் குவியலோடு உட்காருவது என்று அதுவே சொல்லிவிடும். மறுநாள் அந்தக் குழு கலைந்துவிட வேண்டும், இது முக்கியம். கழித்தலில் திணறுகிறவன் வடிவங்களில் முதல் ஆளாக இருப்பான், அவனைக் கழித்தல் குழுவிலேயே வருஷம் முழுக்க வைத்திருந்தால் அவன் கெட்டிக்காரத்தனம் யாருக்கும் தெரியாமலே போகும், அவனுக்கும் தெரியாது. தவிர எப்போதாவது 26 எழுதியவர்களையும் மேசைக்குக் கூப்பிடுங்கள். டீச்சர் பக்கத்தில் உட்காருவது தெரியாதவர்களுக்கு மட்டும் என்று ஆகிவிட்டால் அதற்கும் ஒரு பெயர் வந்துவிடும்.

பின்வரிசை எழுதியது:

குவியல் முறைக்கு என் ஓட்டு. தாள் தயாரிக்கிற நேரத்தைவிடப் பிள்ளை எழுதியதைப் பார்க்கிற நேரம் அதிகமாக இருந்தால் எனக்கு வேறுபடுத்துதலோடு சண்டையே இல்லை.

சாக்பீஸ்தூள் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. இன்றே துண்டுச்சீட்டில் 53 − 27 கொடுத்துப் பார்த்தேன். நான் ஒரே கூட்டமாக நினைத்திருந்த ஏழெட்டுப் பேரில் 34 எழுதியவர்கள் மூன்றே பேர். 36-தான் அதிகம், அதில் நடுக் கூட்டத்துப் பிள்ளைகளும் நிறைய. 'சொன்ன அன்று போடுகிறது, மறுநாள் மறக்கிறது' என்று நான் எழுதியது இந்தக் கூட்டத்தைத்தான் போல. வேகமான பிள்ளை ஒருவனும் 34 எழுதியிருக்கிறான், அவசரமா அல்லது நிஜமாகவே தெரியவில்லையா என்று நாளை உட்கார வைத்துக் கேட்கணும்.

இன்னொன்று கேட்டுக்கொள்கிறேன். பருவத் தேர்வில் எல்லாருக்கும் ஒரே கேள்வித்தாள்தானே வரும், அதில் குச்சி வைக்க விடுவார்களா?

குச்சிக்கட்டு எழுதியது:

குச்சி விடமாட்டார்கள். ஓரத்தில் கோடும் புள்ளியும் வரைவதை யாரும் தடுக்க முடியாது, அதனால்தான் அந்த நடுப்படியை விடாதீர்கள் என்றேன். தேர்வுக்கு மூன்று வாரம் முன்பே குச்சியை அலமாரிக்குள் வைத்துவிட்டுப் படத்துக்கு மாற்றுங்கள், கேட்கிற பிள்ளைக்கு மட்டும் எடுத்துக் கொடுங்கள். அந்த 34 எழுதிய வேகக்காரனிடம் 'எப்படிப் போட்டே, வாயால சொல்லு' என்று மட்டும் கேளுங்கள், தவறு என்று சொல்லிவிட்டுக் கேட்டால் உடனே மாற்றிவிடுவான், உண்மை தெரியாது.